பல்வலி வந்த முதலை

எனக்கு ஏழு வயது முடிந்த அன்று, எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு முதலை வந்தது. வரவழைத்தவள் அம்மா. முதலையாக வந்தவர் மாமா.

எல்லாவற்றுக்கும் காரணம் மஞ்சக்குப்பத்துச் சித்திதான். தன் மகன் பிறந்தநாளுக்குக் காட்டுக் கதை என்று சொல்லி, வீடு முழுக்கச் சிங்கமும் கரடியுமாகப் பலூன் கட்டி அமர்க்களப்படுத்தியிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிதம்பரம் திரும்பும் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"கரடிய இவ எங்கடி பாத்தா? நம்ம ஊருல இருக்கறத வெச்சி நான் பண்றேன், பாரு."

எங்கள் ஊர்ப் பக்கம் இருப்பது முதலை. பழைய கொள்ளிடத்தில் கிடக்கிறது, மழைக்காலத்தில் வாய்க்கால் வழியாக ஊருக்குள் வந்துவிடுகிறது என்று பேப்பரில் படத்தோடு போடுவார்கள். மேல வீதிக்குப் பின்னால் குடியிருந்த எங்களுக்கு அது காலைக் காப்பியோடு படிக்கிற சமாச்சாரம். படித்துவிட்டு அதே பேப்பரில் போண்டாவுக்கு எண்ணெய் வடிய வைப்போம்.

கதையை அம்மாவே எழுதினாள். ஒரு முதலைக்குப் பல்வலி. பயந்துகொண்டு யாரும் கிட்டே போக மாட்டார்கள். கடைசியில் ஒரு சின்னப் பெண் அதன் வாய்க்குள் கையை விட்டுச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிடுவாள். இதைக் கோடு போட்ட நோட்டில் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதி, படமும் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்தாள். என் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு ஆளுக்கொரு பக்கம்தான் அழைப்பிதழ். அவரவர் பக்கத்தைக் கொண்டுவந்து வரிசையாகப் படிக்க வேண்டும். கடைசிப் பக்கம் எனக்கு. என்ன கதை என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

மூன்றாம் பக்கம் தேன்மொழிக்குப் போனது. குரங்கு மருந்து தேடி மரம் மரமாகத் தாவுகிற பக்கம் அது. அதில் முதலையின் வால்கூடக் கிடையாது.

தேன்மொழி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருபவள். கொள்ளிடக் கரையோர ஊரிலிருந்து பள்ளி வேனில் வருவாள். அதற்கு முந்தின மாதம் இரண்டு வாரம் வரவேயில்லை. கேட்டதற்கு "அம்மாக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள். எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

மாமா மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். உரச்சாக்குகளைத் தைத்துப் பச்சை பெயிண்ட் அடித்தார். அட்டைப்பெட்டியில் திறந்து மூடும் வாய், அதில் தெர்மாகோல் பற்கள். சொத்தைப் பல்லுக்கு மட்டும் காப்பித்தூள் கரைத்துத் தடவினார். பிறந்தநாளன்று பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

"யக்கா, போண்டா ஒண்ணு இப்புடி தள்ளு. முதலைக்கும் பசிக்கும்ல?"

எனக்குக் கடலூரில் வாங்கிய ரோஸ் கலர் ஃபிராக். யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்று காலையிலிருந்தே அம்மா பாடம் நடத்தியிருந்தாள். அப்படியே வாங்கி வாங்கி வைத்தேன்.

கதை தொடங்கியது. முதல் பக்கத்தில் முதலை என்று வந்ததுமே தேன்மொழி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தன் பக்கத்தை யாருக்கும் கேட்காத குரலில் படித்து முடித்தாள். பதினோராம் பக்கம் முடிந்ததும் முதலை உறுமிக்கொண்டு வெளியே வந்தது. பிள்ளைகள் கூச்சலும் சிரிப்புமாகப் பின்வாங்கி ஓடினார்கள். நான் கதாநாயகி அல்லவா, நிதானமாக நடந்துபோய் வாய்க்குள் கையை விட்டேன்.

"கைய எடுடி! கைய எடு!"

தேன்மொழிதான். பாய்ந்து வந்து என் ஃபிராக்கைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு சின்ன உடம்பில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. தோள்பட்டையில் ஃபிராக் கிழிந்தது. நான் மேசையில் மோத, கேக் தரையில் கவிழ்ந்தது. அப்போதும் விடாமல் என்னைக் கட்டில்மேல் ஏற்றித் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். மாமா பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, "மாமாதான்டா கண்ணு, பாரு, மாமாதான்" என்று கெஞ்சினார். நான் அவள் முதுகில் குத்தினேன். உன்னைக் கூப்பிட்டதே தப்பு என்று கத்தினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறு மணிக்கு அவளை அழைத்துப்போக அவள் அம்மா வந்தார். என் அம்மா தாம்பூலப் பையை நீட்டினாள். அவர் வலது கையால் மட்டும் வாங்கிக்கொண்டார். இடது கை முந்தானைக்குள் இருந்தது.

"அம்மா, அவுங்க ஒத்தக் கையால வாங்குறாங்க!" என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. முந்தானையைக் கொஞ்சம் விலக்கினார். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.

"ஆத்துல துணி தொவைக்கறப்ப மொதல புடிச்சிட்டுதுங்க. இவதான் கூட இருந்தா. என் பொடவைய புடிச்சி இழுத்துகினே இருந்தா, ஆளுங்க வர்ற வரைக்கும்."

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தேன்மொழியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மாமா கொல்லைப்புறம் போய் உரச்சாக்கைக் கொளுத்தினார்.

எல்லாம் என் காதிலும் விழுந்தது. ஆனால் அதற்கும் என் கேக்குக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்குப் பட்டது. திங்கட்கிழமை பெஞ்சில் எங்களுக்கு நடுவே சாக்பீஸால் கோடு போட்டேன். அவள் புத்தகப் பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். ஒரு வாரம் அந்தக் கோட்டை நான் அழிக்கவில்லை.

அன்று பின்வாங்கி ஓடிய பத்துப் பேருக்கும் அது அட்டைப்பெட்டி என்று தெரியும். நிஜ முதலை என்று நம்பியவள் அவள் ஒருத்திதான். நம்பிக்கொண்டேதான் அதன் வாய்க்கு நேராக ஓடி வந்தாள்.