தெற்கே பார்த்த டிஷ்

எங்கள் ஊரில் ஆட்சி மாறினால் கேபிள்காரரும் மாறுவார். பழையவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போவதற்கும் புதியவர் இழுப்பதற்கும் நடுவே, எந்தப் பெட்டியிலும் படம் வராது. அப்படி ஒரு மாதம் வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்த பிறகுதான், மாதச் சந்தா இல்லாத டிஷ் ஒன்றைக் கும்பகோணத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு குடவாசல் வழியாக ஊர் வந்து சேர்ந்தேன். டிவி ஏற்கெனவே இருந்தது. அரசு இலவசமாகக் கொடுத்தது. மிராசுதார் வீட்டுப் பிள்ளை வரிசையில் நிற்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, வெயிலே இல்லாத நாளில் குடை பிடித்து நின்று வாங்கியது.

"மாட்டிவிட ஆள் அனுப்பவா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். நான் சிரித்தேன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா?

மொட்டைமாடியில் வேலை தொடங்கியது. செயற்கைக்கோள் நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே. நாம் இருப்பது அதற்கு வடக்கே. ஆகவே டிஷ் தெற்கே பார்க்க வேண்டும். இதைக் கீழே கூடத்தில் செட்டாப் பாக்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு மாடியிலிருந்தே விளக்கினேன். பிறகு திருகினேன்.

"வந்துச்சா?"

"வரல."

"இப்ப?"

"வரலங்க. சிக்னல் இல்லைன்னுதான் போட்டிருக்கு."

மூன்று நாள் இதே உரையாடல். மூன்றாம் நாள் அவள் "வரல" என்பதைக்கூடச் சொல்லாமல், சுவரைத் தட்டிக் காட்ட ஆரம்பித்தாள். பாடத்தில் தவறு இருக்க முடியாது என்பதால், வேறு குற்றவாளி வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுத் தென்னை கண்ணில் பட்டது. அதன் மட்டை ஒன்று எங்கள் மாடிப் பக்கம் சாய்ந்திருந்தது.

அடுத்த வீட்டாரோடு எங்களுக்கு ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. என் அப்பாவிடமிருந்து ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர் நிலத்தை அவர்கள் குத்தகைக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தார்கள். அப்பா திருப்பிக் கேட்டார், அவர்கள் விடவில்லை, வழக்கானது. அப்பா போன பிறகு வாய்தாவுக்கு வாய்தா நான் போய்வந்தேன். அவர்கள் பக்கம் அந்த வீட்டு அம்மாள்தான் வருவார். ஒரே பஸ்ஸில் போவோம், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஒன்பது வருஷ மௌனத்தை நான் கலைத்த விதம் இது: கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "உங்க தென்ன மட்டை எங்க சிக்னலை மறைக்குது!" என்று கத்தினேன்.

கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிர்ந்தார். மட்டையைப் பார்த்தார். டிஷ்ஷைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், அது எங்க மரத்தைப் பாக்கவே இல்லையே. எங்க மாட்டுக் கொட்டாயைல்ல பாத்துக்கிட்டு இருக்கு."

நான் டிஷ்ஷைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் வாசல் வழியாக வந்து, என் மனைவியிடம் தலையசைத்துவிட்டு, மாடிப்படி ஏறிவிட்டார்.

"எங்க வீட்டு டிஷ்ஷு காத்துல திரும்பிக்கிச்சுன்னா நான்தான் வெப்பேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் திருகாணியைத் தளர்த்தி, டிஷ்ஷைக் கிழக்கே நகர்த்தினார். பிறகு நன்றாக மல்லாத்தினார். நான் அதுவரை அதை டார்ச் லைட் அடிப்பதுபோல அடிவானத்துக்கு நேராக வைத்திருந்தேன். ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவனுக்குச் செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேலேதான் இருக்கும் என்பது, இருபது வருஷமாகப் பாடம் நடத்தியும் எனக்குத் தோன்றவில்லை.

"வந்துடுச்சு!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. "ஏதோ உழவர் நிகழ்ச்சி. நல்லா வருது!"

அந்த அம்மாளின் மாமியார் எங்கள் வயலில் நாற்று நட்டவர். அந்தக் குடும்பத்தில் யாரையும் எங்கள் வீட்டில் 'வா, போ' என்றுதான் கூப்பிடுவோம். வயதில் பெரியவர்களையும்தான். அன்றைக்கு என் வாய், என்னைக் கேட்காமலேயே, "உக்காருங்க, காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றது. சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. அவருக்கும் ஆச்சரியம்தான் போல. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாடு கத்துது சார், இன்னொரு நாள் வரேன்" என்று இறங்கிப் போனார்.

அந்த வழக்கு பிற்பாடு ராஜியில் முடிந்தது. பாதி நிலம் அவர்களுக்கு. டிஷ்ஷால்தான் முடிந்தது என்று எழுத ஆசை. எங்கள் வக்கீலுக்கு வயதாகி அலுத்துப்போனதுதான் உண்மையான காரணம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, டிஷ் வைத்த மறுநாளே, ஆசிரியர்கள் அறையில் ஒருவர் கேட்டார்: "டிஷ் யாரு சார் மாட்டினது?"

"நானேதான்," என்றேன். கோணத்தைக் கரும்பலகையில் வரைந்தும் காட்டினேன்.

"அப்ப ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வந்து வெச்சுக் கொடுத்துடுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த அம்மாள் முழுக்கதையையும் கேட்டார். இம்முறை வாயைப் பொத்திக்கொள்ளாமலே சிரித்தார்.

"நாளைக்கு எங்களுக்கு நடவு சார். அடுத்த வாரம் வரேன்னு சொல்லுங்க. நீங்க போயி எதையும் திருகிடாதீங்க."