எக்ஸ்டெம்போருக்கு ஒத்திகை

முன்தயாரிப்பு எதுவும் இல்லாமல், அந்த நேரத்தில் தோன்றுவதை அலட்டிக்கொள்ளாமல் பேசுவதற்கு இங்கிலீஷில் எக்ஸ்டெம்போர் என்று பெயர். பூந்தமல்லியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு மாதம் ஒத்திகை நடந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பள்ளிக்கூடத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் இருமுவதற்குக்கூட ஒத்திகை உண்டு.

பேசத் தலைப்புக் கொடுக்கும் எந்த இன்ஸ்பெக்டரும் பசுவைத் தாண்டிப் போக மாட்டார் என்பது எங்கள் இங்கிலீஷ் வாத்தியாரின் அசையாத நம்பிக்கை. பசுவைப் பற்றி இருபது வாக்கியம் எழுதிக் கொடுத்தார். மனப்பாடம் என்று தெரிந்துவிடக் கூடாதல்லவா? அதனால் எங்கே தயங்க வேண்டும், எங்கே கூரையைப் பார்க்க வேண்டும், எங்கே "வெல்..." என்று இழுக்க வேண்டும் என்பதையும் பென்சிலால் குறித்திருந்தார்.

பள்ளி விழாவில் இன்ஸ்பெக்டர் முன்னால் நன்றாகப் பேசுகிறவருக்குப் பரிசு; அது எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் பெரிய நைனா, அதாவது அப்பாவின் அண்ணன், சொன்னதுதான் சட்டம். பெண்பிள்ளைக்கு இந்த வருஷத்தோடு படிப்பு போதும் என்று அவர் சொல்லிவிட்டார். நைனா பேசாமல் தலையாட்டினார். பெற்ற அப்பாவே இப்படி இருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பரிசை வாங்கி இரண்டு பேர் வாயையும் அடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

விழாவுக்கு எங்கள் ஊரான திருமழிசையிலிருந்து பெரிய நைனா, நைனா, நான் மூவரும் மாட்டுவண்டியில் போனோம். என் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் கோட்டுப் போட்டிருந்தாலும் தமிழர்தான். இன்று காலை நீ இங்கே வந்த கதையைப் பேசு என்றார். வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. இருபது வாக்கியமும் எனக்கு வீண். ஆனால் தயங்குவதில் நல்ல பயிற்சி இருந்தது. கூரையைப் பார்த்தேன். "வெல்..." என்று இழுத்தேன். அதற்குள் கதை கிடைத்துவிட்டது.

வண்டிமாடு வழியில் படுத்துக்கொண்டதையும், பெரிய நைனா அதனோடு மன்றாடியதையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் மாட்டிடம் கேட்டதற்கு மட்டும் இங்கிலீஷ் அகப்படவில்லை. அவர் குரலிலேயே சொல்லிவிட்டேன்.

"இன்னா மாப்ளே, உன்ன பல்லக்குல வெச்சித் தூக்கினு போவணுமா?"

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது. பெரிய நைனாவுக்கு இங்கிலீஷ் புரியாவிட்டாலும் தன் பேச்சுக்குத்தான் இத்தனை சிரிப்பு என்று புரிந்து, மீசையைத் தடவிக்கொண்டார். முதல் பரிசு எனக்கே. மசிக்கூடும் பேனாவும் கொடுத்தார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு.

திரும்பும் வழியில், மழை வருமா என்று கேட்கிற மாதிரி நைனா சொன்னார்: "அண்ணாத்தே, பொண்ணு இன்னும் ரெண்டு வருசம் படிச்சிகினு இருக்கட்டுமே. ஊட்ல இன்னா கெட்டுப்போவுது?"

பெரிய நைனா மீசையை இன்னொரு தரம் தடவிக்கொண்டார். பிறகு, "படிக்கட்டும் உடு" என்றார்.

என் இங்கிலீஷைக் கேட்டுத்தான் நைனாவுக்கு அந்த நிமிஷத்தில் புத்தி வந்தது என்று மறுநாள் வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். பல வருஷம் நம்பிக்கொண்டும் இருந்தேன். எனக்கே ஒரு மகள் பிறந்த பிறகுதான் அம்மா சொன்னாள். விழாவுக்கு முன் பதினைந்து நாள், விடிந்ததும் நைனா கொட்டிலுக்குப் போய், வண்டியில் அண்ணனிடம் சொன்ன அந்த ஒரு பேச்சை மாடுகளிடம் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாராம். அண்ணன் எதிரில் அதற்குமுன் அவர் தாமாக வாய் திறந்ததே இல்லையாம்.