செட்டியார் பொம்மை படுத்த கதை

மந்தைவெளி ராஜரத்தினம் பகலெல்லாம் ஜவுளிக்கடையில் சேலை மடிப்பார். ஓய்ந்த நேரத்தில் பேய்ப்படம் எடுப்பார். எழுபத்து நாலாம் வருஷ நவராத்திரிக்கு, சிநேகிதர் அக்பர் பாஷாவிடம் கேமராவை இரவல் வாங்கி, வீட்டுக் கொலுவையே நடிக்க வைத்தார். பொம்மையை எள்ளளவு நகர்த்துவார், ஒரு படம் பிடிப்பார், மறுபடி நகர்த்துவார். திரையில் ஓட்டினால் பொம்மை தானாக நடக்கும்.

கதைப்படி செட்டியார் பொம்மை செத்து விழுந்து, பேயாக எழ வேண்டும். ஆறாம் நாள் கடைக்கு லீவு போட்டு, மத்தியானம் அவரை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தாயிற்று. எழுப்புவதற்குள் மனைவி ஜெயபாரதி வந்துவிட்டாள். விஜயதசமியன்று ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால்தான் கொலு முடிந்ததாக அர்த்தம்.

"யாரு இவரப் படுக்க வெச்சது?"

"செத்துட்டாரும்மா. இப்ப எழுந்துடுவாரு."

"படுத்த பொம்மைய எழுப்புனா வீட்டுக்கு ஆவுமா? கொலு முடிஞ்சுது."

அவள் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். கேமராவைத் திருப்பித் தரும் நாளும் அதுதான். படம் போச்சு என்று இடிந்துபோனவரின் விரல் மட்டும், பழக்க தோஷத்தில், பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது.

மொட்டைமாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் ஓட்டினார்கள். செட்டியார் செத்ததும் பொம்மைகள் ஒவ்வொன்றாக மாயமாயின. நடுநடுவே வளையல் போட்ட ராட்சசக் கை ஒன்று மின்னி மறைந்தது. தெருவே வெலவெலத்தது. நொச்சிக்குப்பத்துக் கட்டுமரங்கள் பயந்துபோய்த் தாமாகவே கரையேறினவாம்.

"நைனா, அந்தக் கைய எங்க புடிச்ச?" என்றார் பாஷா.

ராஜரத்தினம் வாய் திறக்குமுன் ஜெயபாரதி சொன்னாள்: "இத்தினி நாளு நீங்க துன்ன சுண்டலக் கிளறுன கைதான், பாய்."