கோழி குந்திய கடைசிப் பத்தி

குடியிருப்போர் சங்கம் அந்த இடத்தை எனக்குக் கொடுத்தபோது அதில் மண் தெரியவில்லை. எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால், முள்கம்பி வரை, முப்பதடிக்கு இருபதடி. இடுப்பளவு உண்ணிச்செடியும் நாயுருவியும், அடியில் கோரை. காய்கறி போடக் கொடுத்த நிலம். பதினைந்தாம் நாள் செயலாளர் வந்து பார்ப்பார். களை நின்றால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அடுத்தவர் என் பக்கத்து வீட்டு அம்மாள்.

நான் அப்போது ஒரு தினசரியில் பிழை திருத்துபவன். பிற்பகலில்தான் வேலை. காலை முழுவதும் என்னுடையது. கயிறு பிடித்து நிலத்தைப் பதின்மூன்று பத்திகளாகப் பிரித்தேன். நாளுக்கு ஒரு பத்தி. ஒரு நாள் மிச்சம். முடியாமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் நாள் கம்பிக்கடியில் நுழைந்து ஒரு கோழி வந்தது. செங்கல் நிறம், ஒரு பக்கம் சாய்ந்த கொண்டை, இடது காலில் ஒரு நகம் இல்லை. மண்வெட்டியைத் தூக்கினால் மண்கட்டிக்குள் தலையை விட்டது. வெட்டிவிடுவேனோ என்று முதலில் பயந்தேன். அது என் வேகத்தைக் கற்றுக்கொண்டது. இறக்கும்போது ஓரடி தள்ளி நின்றது. வெள்ளைப் புழுவை அப்படியே விழுங்கும். பூரானை மூன்று முறை தரையில் அடித்த பிறகுதான். கோரைக் கிழங்கைத் தின்னாது, ஆனால் காலால் வாரி வெளியே எறியும். நான் கூடையில் பொறுக்கிப் போட்டேன். பாதி வேலையைச் செய்தது அதுதான்.

அது பக்கத்து வீட்டுக் கோழி.

“இன்னா சார், என் கோழி வேலைக்கு வருது, நெலம் மட்டும் உங்களுக்கா?” என்றார் அந்த அம்மாள், கம்பிக்கு அப்பாலிருந்து.

“கட்டிப் போடுங்களேன்.”

“கட்டினா கத்தியே ஊரக் கூட்டும். ஏற்கெனவே ஒரு வாரமா முட்டையக் காணோம். மண்வெட்டிய ஸ்வல்பம் பாத்துப் போடுங்க. கால் போச்சுன்னா உங்கள வுட மாட்டேன்.”

பதினோராம் நாள் கோழி வரவில்லை. மறுநாளும் இல்லை. கீரி தூக்கிப் போயிருக்கும் என்றார் அம்மாள். தனியாக வெட்டியதில் மிச்சம் வைத்திருந்த நாள் கரைந்தது.

பதினான்காம் நாள் கடைசிப் பத்தியின் கோடியில், உண்ணிப் புதருக்குள் கையை விட்டேன். மணிக்கட்டில் கொத்து விழுந்தது. சிறகைப் பரப்பி, பதினொரு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது கோழி. அம்மாளைக் கூப்பிட்டேன்.

“அடிப் பாவி, இங்கியா குந்திக்கினு இருக்கே!”

“வேற எடத்துக்கு மாத்தலாமா?”

“மாத்துனா குந்தாது சார். போன வாட்டி அத்தனையும் கூமுட்டையாப் போச்சு.” புதருக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். “நெலம் உங்களுது. வெட்டுறதுன்னா வெட்டுங்க.”

சுற்றிலும் சுத்தமாக எடுத்தேன். புதரை விட்டுவிட்டேன். செயலாளரிடம் வாதாடி ஜெயிக்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆடித் தூறலில் குடையும் நோட்டுமாக அவர் வந்தார்.

“கெலசம் முடியலியே, வேலை பாக்கி நிக்குதே. அந்த மூலை?”

“கோழி அடைகாக்குது சார். மூணு வாரத்துல எடுத்துடுவேன்.”

“விதியில கோழி இல்லையே.” என் வாதம் அதோடு முடிந்தது. அவர் கம்பியோரம் நின்ற அம்மாளிடம் திரும்பினார். “அடுத்தது நீங்கதானே? என்னம்மா சொல்றீங்க?”

சரி என்று ஒரு சொல் போதும், நிலம் அம்மாளுடையது.

“களை எங்க சார் இருக்குது? அது என் கோழி வூடு. வூட்டப் போயி களைன்னு எழுதுவீங்களா?”

செயலாளர் குனிந்து பார்த்தார். கோழி உப்பிக்கொண்டு அவரைப் பார்த்தது. அவர் பின்வாங்கி நோட்டில் எழுதினார். தலைகீழ் எழுத்தைப் படிப்பது எங்கள் தொழிலில் பழக்கம். ‘களை நீக்கப்பட்டது’ என்றிருந்தது.

அன்றே அவரை விதை ஊன்றினேன். ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன. தாயோடு நிலத்தில் இறங்கிய முதல் காலையிலேயே, முளைத்து நின்ற இரண்டு பத்திகளைக் கிளறிப் போட்டன.

“கூலி எடுத்துக்குதுங்க சார்,” என்றார் அம்மாள்.

மறுபடி ஊன்றினேன், இந்த முறை அவருக்கும் ஒரு பத்தி சேர்த்து.