ஒரு மீட்டர் நாற்பத்தேழு

எங்கள் சனத்துக்குப் படம் எடுக்கத் தெரியாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபத்தில்தான் சொல்கிறேன். மூன்று கிழமையாக இந்த ஊரிலுள்ள தமிழ் வீடுகளெல்லாம் ஏறி இறங்கி, போன இடமெல்லாம் தேநீர் குடித்து வயிறு புளித்து, ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் படங்கள் சேர்த்தேன். எல்லாப் படத்திலும் ஆட்கள். கனடாவிலிருந்து வந்த மைத்துனர், லண்டன் சித்தி, புதிதாகக் கலியாணம் கட்டி வந்த மருமகள், எல்லோரும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வரிசையாக நிற்கிறார்கள். நான் தேடிய கட்டடம் அவர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

"அக்கா, இதில ஆக்டர்பான் எங்க?" என்று ஒரு வீட்டில் கேட்டேன்.

"இவரிட தலைக்குப் பின்னால கிடக்கு. வடிவாப் பாருங்கோ."

வடிவாகப் பார்த்தேன். அவருடைய காதுக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம் தெரிந்தது.

ஆக்டர்பான் என்று நாங்கள் சொல்வது எங்கள் ஊர்ப் பூங்காவிலிருந்த மர ரோலர் கோஸ்டரை. தண்டவாளத்தைத் தாங்கும் கால்களிலிருந்து ஆட்கள் ஏறும் நிலையம் வரை எல்லாம் மரம். வண்டி மேலே ஏறும்போது எழும் கடகட சத்தம் எங்கள் வீட்டுக் குசினி வரை கேட்கும். அந்த நிலையத்தில் பதினேழு வருடம் வேலை செய்தேன். ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் மடிக்கு மேலே வரும் இரும்புக் கம்பியை இறக்குவேன், இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன், பிறகு பிரேக் பிடிப்பவருக்குக் கையைத் தூக்கிக் காட்டுவேன். பிரேக் பிடிப்பவர் பனைமரம் மாதிரி வளர்ந்த ஒரு ஜெர்மன்காரர். நான் கை தூக்காமல் ஒரு நாளும் அவர் வண்டியை விட்டதில்லை. இந்த நாட்டில் என் கையை நம்பி ஒரு வேலை நடந்தது அங்கேதான்.

இரண்டு வருடத்துக்கு முன், குளிர்காலம் முடிந்து பூங்கா திரும்பத் திறக்கக் கொஞ்ச நாள் இருக்கையில் தீப்பிடித்தது. எப்படிப் பிடித்ததென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஆளுக்குச் சேதமில்லை. நிலையமும் முதல் ஏற்றமும் சாம்பலாகிவிட்டன, மிச்சத் தண்டவாளம் கறுத்துப்போய் நிற்கிறது. என்னை ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் தீனி விற்கும் இடத்துக்கு மாற்றினார்கள். ஆடுகள் நான் கை தூக்குகிறேனா இல்லையா என்று பார்ப்பதில்லை.

ஊர்ச்சனம் சேர்ந்து அதைத் திருப்பிக் கட்டுவதற்கு ஒரு சங்கம் தொடங்கியது. நானும் சேர்ந்தேன். ஜெர்மன்காரர் சங்கம் வைத்தால் எப்படி இருக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதல் மூன்று கூட்டமும் சங்கத்தின் பெயருக்கே போயின. நாலாவது கூட்டத்தில் பனியன் நிறத்துக்கு வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒரு பலகை கூட வாங்காத சங்கத்துக்குப் பச்சைப் பனியன் வந்துவிட்டது, எனக்கு மட்டும் இரண்டு அளவு பெரிதாக. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் சுடச்சுட ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். ரோல்ஸைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். நிலையத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் கேட்க வேண்டி வந்தது. பழைய கட்டடங்களைக் காக்கும் அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியது. நிலையத்தின் முகப்பை முன்பு இருந்தபடியே அச்சொட்டாகக் கட்டினால்தான் அது தொடர்ந்தும் பழஞ்சின்னமாக இருக்கும், அதற்கு ஆதாரம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இல்லாவிட்டால் பூங்கா முதலாளி தன் விருப்பப்படி இரும்பில் புதிதாக ஒன்றைப் போடலாம். அதில் மடிக்கம்பி தானாகவே பூட்டிக்கொள்ளுமாம். அப்படியென்றால் நான் ஓய்வு பெறும்வரை ஆடுகளோடுதான்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? தண்டவாளத்துக்கு வரைபடம் இருந்தது. முகப்பை யாரோ ஒரு தச்சர் பிற்காலத்தில் தன் எண்ணத்துக்குச் செதுக்கிச் சேர்த்திருந்தார். அலை அலையாகப் பலகை, நடுவில் முழி பிதுங்கிய ஒரு ஆந்தை. அதற்கு முன்னால் பெரிய மரமொன்று நின்றதால் வெளியே நின்று எடுத்த எந்தப் படத்திலும் முகப்பு முழுதாக விழவில்லை. ஜெர்மன்காரரோ வண்டி இறங்கும்போது வாயைப் பிளந்து கத்துவதைத்தான் படம் பிடித்திருந்தார்கள். தமிழர்கள் நிறையப் படம் எடுப்பீர்களே, உங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள் என்றார் சங்கத் தலைவர். அப்படி வந்ததுதான் அந்தச் சப்பாத்துப் பெட்டி.

பெட்டியை மேசையில் கொட்டி வைத்துக்கொண்டு நான் புறுபுறுத்துக்கொண்டிருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிராமலே சொன்னார்.

"இஞ்சேரும், மகளிட சாமத்தியவீட்டு வீடியோவில கிடக்குமே."

எனக்குத் தெரியாதா? முதல் நாளே எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வரக்கூடாதென்றுதானே மூன்று கிழமை வீடு வீடாக அலைந்தேன்.

மகள் பெரியபிள்ளையானபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். சாமத்தியவீடு செய்யத்தான் வேண்டுமா என்று சுவாமியார் கூடக் கேட்டார். ஊரில் எல்லாரும் மண்டபம் எடுத்து, பல்லக்கு வைத்து, வீடியோக்காரர் பிடித்துச் செய்கையில் நாங்கள் மட்டும் சும்மா இருப்பதா? மண்டபத்துக்கு முன் வெளியே எங்காவது அழகான இடத்தில் படம் எடுக்க வேண்டும் என்பது அப்போதைய வழக்கம். மற்றவர்கள் அரண்மனைத் தோட்டத்துக்குப் போனார்கள். நான் என் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பூங்கா திறக்க முன், மரத்துக்கு உள்பக்கமாக, வேலையாட்கள் மட்டும் போகும் கதவால் வீடியோக்கார அண்ணையை உள்ளே விட்டேன். ஆந்தைக்குக் கீழே, தூணோடு ஒட்டி, மகள் நின்றாள்.

பதினாறு வயதில் அவள் அந்த டிவிடியை எறியச் சொல்லிக் கேட்டாள். எறிந்துவிட்டேன் என்றேன். நம்பாமல் பார்த்தாள். மடு மாதா மேல் சத்தியம் பண்ணினேன். டிவிடி பாலன்குடில் பெட்டிக்குள், ஆடுமாடுகளுக்குக் கீழே கிடந்தது. ஒவ்வொரு நத்தாருக்கும் பெட்டியைத் திறக்கும்போது அவள் பக்கத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்வேன்.

இப்போது அவள் ஆஹெனில் இருக்கிறாள், அங்கேயே வேலை. தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, ஒரு விசயம்."

"என்ன, அப்பாக்குச் சுகமில்லையோ?"

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறார். உன்ர சாமத்தியவீட்டு வீடியோ இருக்கெல்லே..."

"இருக்கோ? எறிஞ்சிட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"எறியேல்ல."



"மாதாவில சத்தியம் பண்ணினனீங்கள்."

"ஓம்."

"சனிக்கிழமை வாறன்," என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்கும்போதே தன் கணினியில் டிவிடியைப் போட்டாள். வீடியோக்கார அண்ணை தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டியிருந்தார். மகளின் முகம் ஒரு இதயத்துக்குள்ளிருந்து வருகிறது, சுழல்கிறது, சூரியனுக்குள் போகிறது. வானத்திலிருந்து ரோசாப்பூ இதழ் கொட்டுகிறது. எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு கமரா முகப்பின் உச்சியில் தொடங்கி ஆறுதலாகக் கீழே இறங்கியது. அலைப்பலகை, ஆந்தை, உத்திரம், தூண், அடியில் மகள். ஒரு இதழ் கூட மறைக்கவில்லை.

"நிப்பாட்டு, நிப்பாட்டு," என்று கையைத் தட்டினேன்.

அவள் நிறுத்தவில்லை. வளையல் போட்ட ஒரு கை திரைக்குள் வந்தது. பிள்ளையின் கண்ணுக்குக் கீழே துடைத்தது. நாடியைப் பிடித்துக் கமராப் பக்கம் திருப்பியது. பிறகு போய்விட்டது. மேலே பாட்டுப் போட்டிருந்ததால் யார் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

"இது உங்கட கை," என்றாள்.

"வேர்வை துடைச்சனான்."

"ஏப்ரல் மாசம். காலமை எட்டு மணி."

"சரி விடு பிள்ளை. இப்ப முகப்புத்தானே முக்கியம்."

அவள் என்னைப் பார்த்தாள். "ஓம், முகப்புத்தான் முக்கியம்," என்றாள். பிறகு, "குடுங்கோ. என்ர முகத்தை மறைக்கத் தேவையில்லை. ஆனா கூட்டத்துக்கு நானும் வருவன்," என்றாள்.

எனக்கு எரிச்சல். இவ்வளவு சுகமாகச் சம்மதிப்பதென்றால் இத்தனை வருடம் எதற்காக முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்குச் சங்கம் ஒரு கட்டடக்கலைஞரை அழைத்திருந்தது. டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்த இளம் பெண். படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டதும் பச்சைப் பனியன் எல்லாம் எழுந்து கை தட்டியது. பிரேக்காரர் கண்ணைத் துடைத்தார். படத்தில் ஏதாவது ஒன்றின் சரியான அளவு தெரிந்தால் மற்றதெல்லாம் கணக்குப் போட்டு எடுக்கலாம் என்றார் அந்தப் பெண். எரிந்ததில் அளக்க ஒன்றும் மிஞ்சவில்லை. தூணோடு நிற்கும் சிறுமியின் உயரம் யாருக்காவது தெரியுமா?

மகள் பைக்குள்ளிருந்து தன் சின்ன வயது வைத்தியப் புத்தகத்தை எடுத்தாள். அந்த மாதமே பிள்ளை வைத்தியர் அளந்து எழுதியிருந்தார்: ஒரு மீட்டர் நாற்பத்தேழு.

கட்டடக்கலைஞர் கொண்டையை விட்டுவிட்டு உச்சந்தலை வரை அளந்து கணக்குப் போட்டார். உத்திரத்தின் உயரம் இரண்டு மீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர் குறைவு என்று வந்தது.

பிரேக்காரர் சிரித்தார். தன் உயரமே அதைவிட அதிகம், முப்பது வருடம் தொப்பியோடு அதற்குக் கீழே நடந்திருக்கிறேன், ஒரு நாளும் தலை இடித்ததில்லை என்றார். கட்டடக்கலைஞர் திரும்பவும் கணக்குப் போட்டார். அதே விடை. சங்கத் தலைவர் நிலம் சரிவோ என்றார். இன்னொருவர் கமராவில் பிழை என்றார். மற்றொருவர் இதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். இப்படிப் போனால் அலுவலகம் எங்கள் ஆதாரத்தைத் தூக்கி எறிந்துவிடும் என்று எனக்குப் பதறியது. உயரத்தைச் சரியாகத்தான் எழுதினார்களா என்று கேட்க மகள் பக்கம் திரும்பினேன்.

அவள் சுவரைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு வந்தது. தங்க நிறச் சப்பாத்து. என்னுடையது. எட்டு சென்டிமீட்டர் குதி. அவளுடைய வயதுப் பிள்ளைகளெல்லாம் அவளைவிட வளர்த்தி, படத்தில் கட்டையாகத் தெரியக்கூடாதென்று, நுனியில் கடதாசி அடைத்து மாட்டிவிட்டேன். சேலை மூடிவிட்டது. சல்லிக்கல் பாதையில் அந்தக் குதியோடு நடக்கவிட்டேன். "அம்மா, கால் நோகுது" என்று அவள் சொன்னது இப்போது காதில் கேட்டது. நான் சொன்னதும் கேட்டது. "அரை மணித்தியாலம் பொறு. அழாத, மை கரையுது."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் முகப்பு இல்லை.

எழுந்து நின்று என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். பிள்ளை என் சப்பாத்துப் போட்டிருந்தாள். குதி எட்டு சென்டிமீட்டர். அவளுக்கு அது பெரிது. கால் புண்ணாகி இரத்தம் வந்தது. அதனால் அழுகிறாள். அந்தக் கை என்னுடையது, அழாதே என்று சொன்னது நான்தான்.

கட்டடக்கலைஞர் எட்டைக் கூட்டினார். உத்திரம் இரண்டு மீட்டரைத் தாண்டிப் போய் நின்றது. பிரேக்காரர் சுவரையும் என்னையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அலுவலகத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை. எப்போது வருமென்று கேட்டால் அன்ட்ராக், அதுதான் எங்கள் விண்ணப்பம், பரிசீலனையில் இருக்கிறதாம். வரைபடம் மட்டும் போன மாதம் தயாராகி, ஒரு பிரதி எங்கள் வீட்டுக்கும் வந்தது. மகளும் அன்றைக்கு வந்திருந்தாள். அலைப்பலகை, ஆந்தை, உத்திரம் எல்லாம் அச்சொட்டு. தூணுக்கு அடியில் அளவு காட்டுவதற்காக ஒரு சிறுமி நிற்கிறாள், பக்கத்தில் ஒரு மீட்டர் நாற்பத்தேழு என்று எழுதியிருக்கிறது. காலில் சப்பாத்து இல்லை.

"ஏன் வெறுங்காலோட கீறியிருக்கினம்?" என்றேன்.

"நான்தான் கேட்டனான்."

கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. "அண்டைக்கு உனக்குத் தெரியும்தானே பிள்ளை. நீயே சொல்லியிருக்கலாமே. அவ்வளவு சனத்துக்கு முன்னால என்னை நிக்க வைச்சிட்டாய்."

"நீங்கள் சொல்லுவீங்களோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"அந்தக் கூட்டத்திலயோ?"

"இல்லை அம்மா," என்றாள். "பன்னிரண்டு வயசிலயிருந்து."