விசாரணையின்போது இருந்தார்

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? மூச்சைக் காட்டாதீர்கள், அது அலுவலகத்தில் செல்லாது. பசியும் செல்லாது. முத்திரை குத்திய தாள் இருந்தால் எடுத்து வையுங்கள்.

இந்தக் கேள்விக்கு நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டி வந்தது பெல்லம்மாவுக்கு. நகராட்சிப் பள்ளியின் அறைகளைக் கூட்டிக் கழுவுகிறவர் அவர். மணி அடிப்பதும் அவர் வேலை என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. உள்ளாட்சித் தேர்தல் வந்தால் அந்தப் பள்ளிதான் வாக்குச்சாவடி. முந்தின நாள் மேசைகளைத் துடைத்துப் போடுவார். மறுநாள் சிந்திக் கிடக்கும் மையைத் தேய்த்துக் கழுவுவார். இடைப்பட்ட நாளில் அவருக்கு உள்ளே வேலை இல்லை. அவரிடம் அடையாள அட்டை கிடையாது. அட்டை இல்லாதவருக்கு ஓட்டு கிடையாது.

பெற்றோர் கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போனவர்கள். எங்கே பிறந்தார் என்று எழுதி வைக்க யாருக்கும் நேரமில்லை. அதைப் பற்றி அவரும் கவலைப்பட்டதில்லை, போன கோடை வரைக்கும். தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டுப் பெண்கள் வார்டு உறுப்பினர் வீட்டுக்குப் போனபோது, அவர் பெல்லம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கு ஓட்டே இல்ல. நீ எதுக்குக் குழாய் கேட்கிற?"

அங்கிருந்து நேரே ஜெராக்ஸ் அக்காவின் கடைக்கு வந்துவிட்டார்.

இந்தக் கட்டுரை ஜெராக்ஸ் அக்காவைப் பற்றியது. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, மாடிப்படியின் அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் அவர் கடை. பிரதி எடுக்கும் இயந்திரம் ஒன்று, கணினி ஒன்று, தாள் பறக்காமலிருக்கச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த மின்விசிறி. வயதில் பெரியவர்களும் அவரை அக்கா என்றுதான் அழைப்பார்கள். பொறுமைக்கும் அவருக்கும் வெகு தூரம். முன்பு அதே அலுவலகத்தில் ஒப்பந்தத் தட்டச்சராக இருந்தவர். மனு கொண்டுவருகிறவர்களிடம் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லும்படி மேலே இருந்தவர் சொன்னபோது, "நாளைக்கு என்ன மாறப்போகுது சார்?" என்று கேட்டார். நாளைக்கு அவர் வேலைதான் மாறியது.

கணவர் மின்தூக்கி பழுது பார்க்கிறவர். "நான் ஆளுங்களை மேல ஏத்துறேன், நீ பட்டியல்ல ஏத்துற. ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவங்க போன் பண்ணிட்டே இருக்காங்க" என்பார். அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது அக்காவின் கடையில் வியாபாரமில்லை, பிடிவாதம்.

பெல்லம்மாவுக்காகத் தலைமை ஆசிரியையிடம் பணிச் சான்று வாங்கினார். வீட்டுக்காரரிடம் குடியிருப்புக் கடிதம் வாங்கினார். வீட்டுக்காரர் இழுத்தடித்தபோது அவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விண்ணப்பம் போனது. வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்க விசாரணை அலுவலர் தெருவுக்கு வந்தார். பெல்லம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்து, அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

திருத்தம் கேட்கக் கடைசி நாளன்று மதியம், பதில் சீட்டுடன் கடைக்கு வந்தார்.

"அக்கா, நான் எப்போ செத்தேன்?"

அக்கா சீட்டை வாங்கிப் படித்தார். மனு நிராகரிக்கப்படுகிறது. காரணம்: விசாரணையின்போது இறந்தார்.

"தண்ணி கொடுத்தேனே அக்கா! அதைக் குடிச்சுட்டு அவர்தானே நல்லா இருக்காரு, நான் எப்படிப் போனேன்?"

அக்கா கடையைப் பூட்டவில்லை. பெல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

விசாரணை அலுவலர் சீட்டைப் பார்த்தார், பெல்லம்மாவைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைத்தான் நம்பினார்.

"இறந்தவங்க திருத்தம் கேட்க முடியாதும்மா. வாரிசு வரணும்."

"ஆள் எதிர்ல நிக்கிறாங்க சார்."

"அப்போ உயிரோட இருக்கிறதுக்குச் சான்று கொண்டு வரணும்."

"யார் கொடுப்பாங்க?"

"நாங்கதான். அடையாள அட்டையக் காட்டினா கொடுத்துடுவோம்."

"அந்த அட்டைக்குத்தானே சார் வந்திருக்கோம்!"

"என்னம்மா பண்றது? எல்லாம் விதி."

"எந்த விதி? நம்பர் சொல்லுங்க."

தலையெழுத்துக்கும் சட்டப் பிரிவுக்கும் நம் மொழியில் ஒரே சொல். இந்த வசதியை அலுவலகங்கள் நெடுநாளாக அனுபவித்து வருகின்றன. எண் கேட்டதும் அலுவலர் மேசைமேல் இருந்த கோப்புகளைப் புரட்டினார். எண் எதுவும் அவருக்கு நினைவில்லை.

அக்கா வராந்தாவுக்கு வந்து, சுவரில் ஒட்டியிருந்த விசாரணை முடிவுப் பட்டியலைப் படித்தார். பெல்லம்மாவின் தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் நலம். மறு விசாரணைக்கு உரியவர்கள். வீட்டில் இருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் இறந்திருந்தார்கள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் ஒருவர் குறிப்பை வாசிப்பார், இன்னொருவர் கேட்டுக் கேட்டு அடிப்பார். அவரே அப்படி அடித்தவர்தான். நேராகத் தட்டச்சரிடம் போனார்.

"தம்பி, இதை வாசிச்சது யாரு?"

"விசாரணை சார்தான் அக்கா. வாயில பன்னை வச்சுக்கிட்டு வாசிச்சாரு."

"அவர் 'இருந்தார்'னு வாசிச்சிருக்காரு."

"எனக்கு 'இறந்தார்'னுதான் விழுந்துச்சு."

"ஒரு தெருவே ஒரே நாள்ல செத்துப்போச்சே, உனக்குச் சந்தேகம் வரலையா?"

"வேகமா அடிக்கச் சொன்னாங்க. சந்தேகப்படச் சொல்லலையே அக்கா."

விசாரணை அலுவலர் பின்னாலேயே வந்திருந்தார். இப்போது குரல் இறங்கியிருந்தது. "சரி, விடுங்க. இந்தம்மாவோடத இப்பவே மாத்திடறேன். மத்தவங்களுக்கு அடுத்த தேர்தல்ல பார்த்துக்கலாம்."

அக்கா பெல்லம்மாவின் பக்கம் திரும்பினார். முடிவு பெல்லம்மாவுடையது. தலையாட்டினால் அட்டை நிச்சயம். ஆட்டாவிட்டால், மாலைக்குள் எல்லாமே கைவிட்டுப் போகலாம்.

"என்னை மட்டும் எழுப்பிவிட்டா நான் யார்கூட சார் பேசுறது?" என்றார் பெல்லம்மா. "அப்புறம் குழாயும் எனக்கு மட்டும்தான் போடுவீங்க."

அலுவலர் கையை விரித்தார். அக்கா கடைக்கு ஓடிப்போய் ஒரு மனுவை அடித்துக்கொண்டு வந்தார். விசாரணை நடந்த அன்று ஒரு தெருவில் வீட்டிலிருந்த அத்தனை பேரும், விசாரித்த அலுவலரின் கண்ணெதிரே இறந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன நேர்ந்தது, உடல்கள் எங்கே என்று தெரிவிக்க வேண்டும். பெறுநர்: ஆணையர். நகல்: காவல் நிலையம்.

"என்னம்மா, கொலைகாரன்கிட்ட பேசுற மாதிரி பேசுறீங்க!"

"நான் சொல்லல சார். பட்டியலுக்குக் கீழ இருக்கிற உங்க கையெழுத்து சொல்லுது."

மனு மாடிக்குப் போனது. மாடியிலிருந்து ஆணையரின் உத்தரவு வந்தது: இன்று கவுன்ட்டர் மூடுவதற்குள் நேரில் வருகிறவர்களுக்கெல்லாம் திருத்தம் செய்து தரவும். நேரில் வராதவர்களுக்கு இல்லை.

பெல்லம்மா தெருவுக்கு ஓடினார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "வாங்க வாங்க, நாமெல்லாம் செத்துட்டோம், சீக்கிரம் கிளம்புங்க" என்று கத்தினார். அக்கா கவுன்ட்டரின் முன் நின்று ஒவ்வொருவரின் மனுவையும் எழுதினார்.

மாண்டவர் மீண்டு வந்த கதைகள் உலகில் ஏராளம். ஒன்றையும் நம்ப வேண்டியதில்லை. அன்று வந்தவர்களுக்கு வராந்தா முழுக்கச் சாட்சி இருந்தது. தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, "என் கணக்கு ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டாள். ஓர் இளைஞன் இடையில் புகப் பார்த்தான். "டேய், செத்தும் வரிசைய முந்துறியே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தவர் பெல்லம்மா. எழுத்தர் சன்னல் கதவை இழுத்துச் சாத்தப் போனார். அக்கா அந்த இடுக்கில் கையை வைத்தார்.

"கையை எடுங்கம்மா, நசுங்கிடும்."

"நசுங்கட்டும். இவங்க பேரை அடிச்சுட்டு அப்புறமா நசுக்குங்க."

கதவு நின்றது. தட்டச்சர் அடித்தார். இந்த முறை யாரும் வாசிக்கவில்லை. பெல்லம்மாவே கணினித் திரையில் எழுத்து எழுத்தாகப் பார்த்தார். விசாரணையின்போது இருந்தார்.

அட்டை வந்துவிட்டது. ஓட்டுப் போட்ட பிறகு அதே மேசையின் மையை அவரேதான் கழுவப்போகிறார். ஆனால் திருத்தம் நடந்த அன்று அவர் சந்தோஷமாக வீடு திரும்பவில்லை. தெருக்கோடியில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கொத்தனாரைத் தூக்கி வர ஆளில்லை. சலவைக்காரம்மா வேலை செய்யும் வீட்டில் அவரை வெளியே விடவில்லை. அவர்கள் இருவரும் பட்டியலில் இன்னும் பிணங்கள்தான். ஆணையர் அவர்கள் இருக்கும் இடத்துக்கே வந்து விசாரிக்க வேண்டும் என்று அக்கா அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் தெருவிலும் ஒரு கொத்தனார் படுத்திருப்பார்; ஒரு சலவைக்காரம்மா வேலையை விட்டு நகர முடியாமல் இருப்பார். சன்னல் கதவைச் சாத்துவதற்குள் அவர்களிடம் போங்கள். நடக்க முடியாதவரைத் தூக்க இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே.