மேட்டுப்பாளையத்து வெயிலில் எடுத்த கல்

இல்லை, நீங்கள் கேட்டதுபோல் கல் கடையில் அம்மாவை யாரும் ஏமாற்றவில்லை. கல் குளிர்ச்சியாக இருந்தது. அதற்காகவே அதை எடுத்தாள்.

மே மாதம், மேட்டுப்பாளையம். தகரக் கூரைக்கு அடியில் கிரானைட் பலகைகள் சாய்ந்து நின்றன. கல் அறுக்கும் தூசி நாக்கில் ஒட்டியது. காலையில் மலைமேல் அருவங்காட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஏறிய மூன்று பேர்... பத்து மணிக்குள் வாடிப்போயிருந்தோம். நான் பிளஸ் டூவுக்குப் போகவிருந்த வருடம்.

அப்பா ஃபேக்டரியில் ரிட்டயர் ஆகும் நேரம். பக்கத்து ஊரான ஜெகதளாவில் எங்கள் சொந்த வீடு எழும்பியிருந்தது. இருபது வருடம் அம்மா சமைத்த குவார்ட்டர்ஸ் மேடை, எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுடையது. எங்களுக்குப் பின்னால் வருபவர்களுடையது. புது வீட்டிலும் கதவு, ஜன்னல், தரை எல்லாவற்றையும் அப்பாவும் கொத்தனாரும்தான் முடிவு செய்தார்கள். சமையல் மேடைக் கல்லும், அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஒட்டும் கல்லும் மட்டும் தன் பொறுப்பு என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்குப் புள்ளி போட்ட சாம்பல் நிறம் பிடித்தது.

“ஏம்புள்ள, இதுல அழுக்குத் தெரியாது.”

“அழுக்குத் தெரிஞ்சாத்தானுங்க தொடைக்க முடியும்.”

வரிசையாக ஒவ்வொரு பலகையிலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு கறுப்பு. கை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“அக்கா, பொண்ணு பாக்க வந்தவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க,” என்றார் கடைக்காரர்.

“சில்லுன்னு இருக்குதுங்க. இதையே குடுங்க. செவுத்துக்கும் இதே.”

அப்பா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். எண்ணிக் கொடுத்தார்.

இந்தக் கல் மலைக்கு மேலே போகப்போகிறது என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மலையில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வெயில் தெரியாதவர்களுக்கு, கீழே இறங்கியதும் குளிர்ச்சியைத் தவிர வேறெதுவும் நல்லதாகப் படாது.

ஆவணியில் குடி போனோம். டிசம்பரில் கல் தன் வேலையைக் காட்டியது.

அதன் மேல் சப்பாத்தி தேய்த்தால் விரல்கள் சிவந்து விறைத்தன. அங்கே வைத்த இட்லி மாவு இரண்டு நாளானாலும் ஊற்றி வைத்த அளவிலேயே நின்றது. பனி மூடிய நாட்களில் குக்கர் ஆவி சுவரில் பட்டு, பளபளத்த கல்லில் கோடு கோடாக வழிந்தது.

எமரால்டு ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. மேடையில் கை வைத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க அண்ணி, அந்த ஃபிரிட்ஜை எதுக்கு மூலையில நிக்க வெச்சிருக்கீங்க? வித்துப் போடுங்க. அதான் இத்தன நீளத்துக்கு ஒண்ணப் படுக்க வெச்சிருக்கீங்களே.”

அம்மா சிரிக்கவில்லை.

“எனக்கு ஒண்ணும் சில்லுன்னு இல்ல,” என்றாள். விரல்களை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. தப்பு என்றால் தப்பு என்று சொல்லிவிட வேண்டியதுதானே... அவள் தானாகத் தேர்ந்தெடுத்த முதல் பொருள் அது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கல்யாணம்கூட அப்படி இல்லை. கல் தவறு என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அடுத்த தடவை அவளை யாரும் கேட்க மாட்டார்கள். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பப்ளிக் எக்ஸாமுக்கு நான் விடிகாலையில் சமையலறையில் உட்கார்ந்து படிப்பேன். முதல் ஷிப்டுக்கு எழுந்து பழகிய உடம்பு அப்பாவுக்கு. ஐந்து மணிக்கு வருவார். குண்டான் நிறைய வெந்நீர் காய்ச்சுவார். அதைக் கல்லின் மேல் வைப்பார். கொஞ்சம் பொறுத்து நகர்த்துவார். மறுபடி நகர்த்துவார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, இஸ்திரி போடுவதுபோல. பிறகு அதே தண்ணீரைக் குளிக்க எடுத்துப்போய்விடுவார்.

“என்னப்பா இது?”

“படிக்கற வேலையப் பாரு.”

பொங்கலுக்கு அத்தை மறுபடி வந்தாள். காலையில் டீக்கு வந்து நின்றவள், கிண்டலுக்குத் தயாராகக் கல்லில் கையை ஊன்றினாள். எடுத்தாள். திரும்ப வைத்துப் பார்த்தாள்.

“என்னங்க அண்ணி, கல்லுக்குக் காச்சலா?”

“நல்ல கல்லு அப்படித்தான்,” என்றாள் அம்மா. “பொழங்கப் பொழங்கப் பழகிக்கும்.”

அப்பா காலண்டர் தாளை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார். அம்மா முதல் டம்ளர் டீயை அவரிடம் கொடுத்தாள். விருந்தாளி நிற்கும்போது எங்கள் வீட்டில் அது நடக்காது.

இப்போது அதே வீட்டின் மாடியில் எனக்கென்று ஒரு சமையலறை. நான் ஒருத்தி மட்டும் புழங்கப்போவது.

கல் பார்க்க மேட்டுப்பாளையம் போக வேண்டியதில்லை. போனில் விரலால் தள்ளினால் நூறு கல். குவார்ட்ஸ், மார்பிள், பெயர் வாயில் நுழையாத வெள்ளைகள். கீறாது, கறை பிடிக்காது... என்ன கல் போடலாம் என்று நான் கேட்டதற்கு நீங்கள் எல்லோரும் லிங்க் அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. ஆனால் எந்தக் கல்லும் திரையில் சில்லிடுவதில்லை. ஒருநாள் முழுக்கப் பார்த்தும், கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றிய ஒன்றுகூட இல்லை.

அதனால் நானே முடிவு செய்தேன். அடுப்பும் சிங்க்கும் வரும் பக்கம் சாதாரண கிரானைட். மாவு பிசையும் பக்கம் சில்வர் ஓக் பலகை. சுவருக்கு மினுமினுப்பில்லாத டைல்ஸ்.

அம்மா மாடியேறி வந்து கேட்டாள்.

“மரமா? தண்ணி பட்டா உப்பிப் போகும். அப்பறம் எங்கிட்ட வந்து அழுவாத.”

“அழமாட்டேன்மா.”

“உங்கொப்பன் மாதிரியே பேசு.”

“உன்ன மாதிரி.”

அம்மா கீழே இறங்கிப் போனாள்.

பலகை உப்பலாம். உப்பினால், அது நான் எடுத்த பலகை.

அன்று மத்தியானமே ஆசாரியை வரச்சொல்லி அளவு கொடுத்தேன்.